பின் டிஃபரென்ஷியல் பிரித்துப் பூட்டுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் லாரியும் வேனும் பழுதுபார்க்கும் சின்னப் பட்டறை ஒன்றில் 17 வருஷமாக வேலை செய்கிறேன். பின் டிஃபரென்ஷியல் பிரிக்கிற நாளில் மட்டும் என்னைச் சுற்றிக் கூட்டம் கூடிவிடும். புதிதாகச் சேர்ந்த தம்பிகள் ஒரு பக்கம், வண்டிக்காரர் ஒரு பக்கம், "எப்ப முடியும்?" என்று மணிக்கட்டைப் பார்த்தபடி நிற்கும் சூப்பர்வைசர் ஒரு பக்கம். அவர்கள் கேட்டவற்றையும், ராத்திரி வாட்ஸ்அப்பில் குரல்பதிவாக வந்து விழுபவற்றையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நாங்கள் அதை 'டிஃப்' என்றுதான் சொல்வோம். இங்கேயும் அப்படியே.

என் வண்டியில் பின் டிஃப் இருக்கிறதா?

சிரிக்காதீர்கள், இப்படித்தான் பாதிப் பேர் தொடங்குகிறார்கள். நிசான் என்வி200 முன்சக்கர ஓட்டம். அதன் டிஃப் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது, பின்னால் ஒன்றும் கிடையாது. ஹையேஸ், என்வி350, டைனா, கேன்டர், இசுசு என் வரிசை லாரிகள் எல்லாம் பின்சக்கர ஓட்டம். குனிந்து பாருங்கள். பின் ஆக்சிலின் நடுவில் பூசணிக்காய் மாதிரி இரும்பு உப்பியிருந்தால் அதுதான்.

அது அப்படி என்ன வேலை செய்கிறது?

பல மாடிக் கார்ப்பார்க்கின் சுழல் பாதையில் ஏறுகிறீர்கள் என்று வையுங்கள். இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே ஒன்றரை மீட்டர் அகலம் என்றால், ஒரு முழுச் சுற்றுக்கு வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிடச் சுமார் 9.4 மீட்டர் கூடுதலாக ஓடியாக வேண்டும். வளைவு பெரிதா சிறிதா என்பது கணக்கே இல்லை, அந்த 9.4 மாறாது. ஐந்து சுற்று ஏறினால் 47 மீட்டர். இரண்டு சக்கரத்தையும் ஒரே இரும்புக் கம்பியில் கோத்திருந்தால் ஒன்று தேய்த்துக்கொண்டே வரும், இல்லையென்றால் ஆக்சில் முறுக்கிக்கொள்ளும். டிஃபுக்குள் இருக்கும் நான்கு குட்டிப் பற்சக்கரங்கள் (பெரிய லாரியில் ஆறு) இந்த வித்தியாசத்தை விழுங்கிவிடுகின்றன.

இன்னும் இரண்டு வேலைகள் உண்டு. கியர்பாக்ஸிலிருந்து நீளவாக்கில் சுற்றி வரும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் ஓட்டத்தைக் குறுக்காகத் திருப்புவது ஒன்று. வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுவது இன்னொன்று. இந்த இரண்டையும் பினியன் என்ற சின்னப் பற்சக்கரமும் கிரவுன் என்ற பெரிய வட்டப் பற்சக்கரமும் பார்த்துக்கொள்கின்றன. பினியன் 10 பல், கிரவுன் 41 பல் என்றால் விகிதம் 4.1.

பினியன் கிரவுனின் நடுக்கோட்டுக்கு நேராக இல்லாமல் சற்றுக் கீழே இறங்கி இருக்கும். இதற்கு ஹைபாய்டு என்று பெயர். 1926-இல் பேக்கார்ட் கார்களில் வந்தது. ஷாஃப்ட் தாழ்ந்ததால் வண்டியின் தரையும் தாழ்ந்தது. ஆனால் பல்லும் பல்லும் உருள்வதோடு நிற்காமல் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவும் தொடங்கின. டிஃப் எண்ணெய்க்கு அந்த நாற்றம் எங்கிருந்து வந்தது என்றால், இந்த வழுக்கலிலிருந்துதான். அழுத்தம் தாங்குவதற்காகச் சேர்க்கும் கந்தகக் கூட்டுப்பொருளின் வாசனை அது. ஒருமுறை சட்டையில் பட்டால் மூன்று தடவை துவைத்தாலும் எம்ஆர்டி ரயிலில் பக்கத்து ஆள் தள்ளி உட்காருவார்.

பின்னால் சத்தம் வருகிறது. டிஃப்தானா?

பெரும்பாலும் இல்லை. 'டிஃப் போச்சு' என்று வருகிற வண்டிகளில் டயர், சக்கர பேரிங், யூ-ஜாயிண்ட் (புரொப்பெல்லர் ஷாஃப்டின் மடங்கு மூட்டு) ஆகியவற்றில் ஒன்று பழியை டிஃப் மேல் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும்.

முதல் சோதனை ரோட்டில். ஒரே வேகத்தில் போய்க்கொண்டே ஒரு கியர் குறைத்துப் பாருங்கள். எஞ்சின் சுற்று ஏறும், வண்டி வேகம் மாறாது. சத்தமும் ஏறினால் முன்னால் தேடுங்கள், ஏறாவிட்டால் பின்னால். அடுத்து, தார் மாறும் இடத்தில் காதை வையுங்கள். விரைவுச்சாலையில் புதுத் தார் போட்ட பகுதிக்குள் நுழைந்ததும் சத்தம் மாறினால் அது டயர். ஹையேஸ் ஒன்று இப்படித்தான் வந்தது. பின் டயர்கள் ரம்பப் பல் மாதிரித் தேய்ந்திருந்தன. முன்னும் பின்னும் மாற்றிப் போட்டோம், ஊளைச் சத்தம் டிரைவரின் காலடிக்கு வந்துவிட்டது. அவருக்கே சிரிப்பு வந்தது, சூப்பர்வைசருக்கு வரவில்லை.

உண்மையான டிஃப் சத்தத்துக்குக் குணம் உண்டு. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது 'ஊ...' என்று முனகி, விட்டதும் நின்றால், பல் கடி சரியில்லை. அதுவும் 60, 70 கிலோமீட்டர் என்று ஒரு குறுகிய வேகத்துக்குள் மட்டும் கேட்கும். மிதிக்கும்போது அமைதியாக இருந்து காலை எடுத்ததும் ஊளையிட்டால் பினியன் நட் தளர்ந்திருக்கிறதா, பினியன் பேரிங் ஆடுகிறதா என்று பாருங்கள். எப்போதும் ஒரே மாதிரி 'கரகர' என்றால் பேரிங். திரும்பும்போது மட்டும் வந்தால் உள்ளே இருக்கும் குட்டிச் சக்கரங்கள், வாஷர்கள். கிளம்பும்போது ஒரே ஒரு 'டொக்' என்றால் முதலில் யூ-ஜாயிண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மலிவான பொருளைச் சந்தேகப்பட்டுவிட்டு விலைகூடியதற்குப் போவது நல்ல பழக்கம்.

எண்ணெய் வடிக்கும் போல்டில் காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் மைபோல ஒட்டியிருந்தால் வயசுக்கு ஏற்ற தேய்மானம். விரலில் குத்துகிற செதில் வந்தால், பிரிக்க நாள் பாருங்கள்.

வெள்ளத்தில் ஓட்டினேன். டிஃபுக்கு ஏதும் ஆகுமா?

ஆகும். இந்த ஊருக்கு இது முக்கியமான கேள்வி. 2021 ஆகஸ்ட் 20 காலையில் பாசிர் ரிஸ் டிரைவ் 12, தெம்பனிஸ் அவென்யூ 10 சந்திப்பில் வண்டிகள் மிதந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்த அளவு வேண்டியதில்லை, ஆக்சில் முழுகினாலே போதும். ஓடிச் சூடேறிய டிஃப் தண்ணீரில் இறங்கியதும் சட்டென்று குளிரும். உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, மேலே இருக்கும் காற்றுக்குழாய் வழியாகவும் சீல் ஓரமாகவும் தண்ணீரை உறிஞ்சிவிடும்.

மறுநாள் வண்டி நன்றாகத்தான் ஓடும், ஏமாந்துவிடாதீர்கள். அந்த வாரத்துக்குள் போல்டைத் திறந்து பாருங்கள். எண்ணெய் பால் விட்ட தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் முழுதாக வடித்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்றி, கொஞ்சம் ஓட்டி, மறுபடி ஒருமுறை மாற்றுங்கள். விட்டுவைத்தால் பேரிங் உருளைகளில் துருப்புள்ளி விழும். பிறகு எந்த எண்ணெயும் அதைக் காப்பாற்றாது.

காற்றுக்குழாய் அடைத்துக்கொண்டாலும் தொல்லைதான், ஆனால் எதிர்த் திசையில். சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, எண்ணெய் ஆக்சில் சீலைத் தாண்டி பிரேக் ஷூவில் இறங்கும். பரிசோதனை மையத்தில் பிரேக் உருளையில் ஒரு பக்கம் பிடிக்காமல் திரும்பி வந்த வண்டிகளில் சிலவற்றுக்கு மூலகாரணம் இந்த விரல் நீளக் குழாய். அதற்கு மருந்து ஒரு துண்டுக் கம்பியும் இரண்டு நிமிஷமும்.

பிரித்துப் பூட்டுவதா, ஹாஃப்-கட் டிஃப் வாங்கிப் போடுவதா?

ஹாஃப்-கட் என்றால் கழித்த வண்டியிலிருந்து வெட்டி எடுத்து விற்கும் பழைய சாமான். முதலில் சிஓஇ, அதாவது வண்டி வைத்திருக்கும் உரிமம், முடியும் தேதியைப் பாருங்கள். சரக்கு வாகனத்துக்கு 10 வருஷ சிஓஇ. புதுப்பித்தாலும் மொத்த ஆயுள் 20 வருஷம்தான். எட்டு மாதத்தில் கழிக்கப்போகிற லாரிக்குப் புதுக் கிரவுன்-பினியன் வாங்குவது, இடிக்கப்போகிற வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பது மாதிரி. அங்கே ஹாஃப்-கட்டே போதும். நாலைந்து வருஷம் மிச்சம் இருந்தால் நான் பிரிக்கவே சொல்வேன். 10 வருஷம் தாண்டிய சரக்கு வண்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டும். ஒழுகுகிற டிஃபை வைத்துக்கொண்டு வருஷத்துக்கு இரண்டு முறை பயப்படுவது ஏன்?

ஹாஃப்-கட் வாங்கினால் மூன்று விஷயம். பல் எண்ணிக்கை உங்கள் வண்டியினுடையதோடு ஒத்துப்போகிறதா என்று கடையிலேயே பாருங்கள். பினியன் ஃபிளேஞ்சை (புரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து பூட்டும் தட்டு) பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், துளியும் ஆடக் கூடாது. திறப்பு வழியாக விரலை விட்டு எண்ணெயைத் தொட்டுப் பாருங்கள். கடைக்காரர் 'அதெல்லாம் நல்லா இருக்கு பாஸ்' என்று அவசரப்படுத்தினால் இன்னும் மெதுவாகப் பாருங்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார்ப்பார்க்கில் நானே செய்யலாமா?

கூடாது. அங்கே வண்டி பழுதுபார்க்க அனுமதி இல்லை. வேன் டிஃபே 30 கிலோவுக்கு மேல் கனக்கும், மல்லாந்து படுத்து நெஞ்சில் தாங்குகிற சாமான் இல்லை. வடித்த எண்ணெயைச் சாக்கடையில் விடுவது குற்றம். உரிமம் பெற்ற கழிவு எண்ணெய்க்காரர் வந்துதான் எடுக்க வேண்டும்.

கழற்றுவதற்கு முன் எதை அளக்க வேண்டும்?

எண்ணெய் வடிப்பதற்கு முன், நிரப்பும் போல்டைத் திறங்கள். வடித்து முடித்த பிறகு மேல் போல்டு துருப்பிடித்து வரவில்லை என்றால் வண்டி பட்டறையிலேயே குடியிருக்க வேண்டியதுதான்.

பிறகு டிஃபை வெளியே எடுங்கள். ஹையேஸ் மாதிரி வேனில் டிரம்மைக் கழற்றி, பேக்கிங் பிளேட் நட்டுகளை விட்டு, ஆக்சிலைப் பேரிங்கோடு இழுக்க வேண்டும். இசுசு, கேன்டர் லாரிகளில் ஹப் முகத்தில் இருக்கும் போல்டுகளைக் கழற்றினாலே ஷாஃப்ட் உருவிக்கொண்டு வந்துவிடும், சக்கரத்தைத் தொட வேண்டாம். மேசைமேல் வைத்த பின் ஒரு ஸ்பேனரைக்கூட எடுக்காதீர்கள். நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை எடுங்கள். இருக்கிற நிலையிலேயே பல் பிளே (பினியன் பல்லுக்கும் கிரவுன் பல்லுக்கும் நடுவே உள்ள தளர்ச்சி) எவ்வளவு, கிரவுன் எவ்வளவு கோணுகிறது, பல்லில் பூச்சு தடவிச் சுற்றினால் பல் கடித்த தடம் எங்கே விழுகிறது என்று எழுதிவைத்து, தடத்தைப் போட்டோ எடுங்கள். தொழிற்சாலை செய்த கணக்கு அது. பிரித்த பிறகு யாரும் திருப்பிச் சொல்லமாட்டார்கள்.

பேரிங் மூடி இரண்டிலும் சென்டர் பஞ்சால் புள்ளி குத்துங்கள். இடதில் ஒன்று, வலதில் இரண்டு. அந்த மூடிகள் அந்தந்த இடத்திலேயே வைத்துக் கடையப்பட்டவை. இடம் மாறினால் பேரிங்கின் வட்டம் வட்டமாக இருக்காது. மார்க்கர் பேனாவால் எழுதாதீர்கள். கழுவும் எண்ணெயில் அது போய்விடும், நம் நினைவும் அதோடு போய்விடும்.

எவையெல்லாம் புதிதாகப் போட வேண்டும்?

பேரிங் நான்கும், பினியன் சீல், ஆக்சில் சீல், பினியன் நட், நசுங்கு ஸ்லீவ் (பினியன் பேரிங் இரண்டுக்கும் நடுவே நசுங்கி இறுக்கத்தைப் பிடித்துவைக்கும் குழல்), கிரவுன் போல்டுகள். பேரிங்கோடு அதன் கப்பையும், அதாவது வெளிவளையத்தையும், மாற்ற வேண்டும். கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று அரைத்துச் சேர்த்த ஜோடி. இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும். ஒன்று உடைந்தால் இரண்டும் போச்சு.

கிரவுன் கேஸில் (குட்டிச் சக்கரங்கள் இருக்கும் கூடு) ஏற மறுக்கிறது. சுத்தியலால் தட்டலாமா?

வேண்டாம். போல்டை முறுக்கி இழுத்து ஏற்றுவதும் வேண்டாம், கோணலாக உட்காரும். கொதிக்கிற தண்ணீரில் கிரவுனைப் போட்டு 100 டிகிரிக்குச் சூடாக்கினால் விரிந்து, தானாக வழுக்கி இறங்கும். எங்கள் பட்டறையில் அதற்கென்று ஒரு அலுமினியச் சட்டி இருக்கிறது. ஒரு வருஷம் தைப்பொங்கலுக்கு வாங்கியது, மறு வருஷம் புதுச் சட்டி வாங்க வேண்டியதாயிற்று.

அதற்கு முன் இரண்டு முகங்களையும் விரலால் தடவிப் பாருங்கள். ஒரு மணல் துகள், ஒரு சின்னப் பிசிறு போதும், கிரவுன் கோணும். ஏறியதும் காற்றடித்து ஈரத்தைப் போக்கி, ஆறவிட்டு, போல்டில் திரெட் லாக் இட்டு, எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்குங்கள். பிறகு டயல் கேஜ். முகக் கோணல் 0.1 மி.மீ.க்கு மேல் போனால் திரும்பக் கழற்றித் துகளைத் தேடுங்கள்.

பினியன் ஆழம் என்கிறார்களே, அது என்ன?

பினியன் கிரவுனின் நடுவை நோக்கி எவ்வளவு உள்ளே போய் நிற்கிறது என்பது. பினியன் தலைக்கும் உள் பேரிங்குக்கும் நடுவில் ஒரு வட்டத் தகடு இருக்கும், அதுதான் ஷிம். அது தடித்தால் பினியன் கிரவுனின் நடுவுக்கு நெருங்கும், மெலிந்தால் விலகும். டொயோட்டா வகைகளில் இந்தத் தகடு 0.03 மி.மீ. படியில் கிடைக்கிறது. ஏ4 தாளின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு. அவ்வளவு சின்னப் படிக்குத் தகடு விற்கிறார்கள் என்றால் எதற்காக என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பழைய கிரவுன்-பினியனையே போடுவதானால் பழைய தகட்டிலிருந்து தொடங்குங்கள். புது ஜோடி என்றால் பினியன் தலையில் கூட்டலோ கழித்தலோ போட்ட ஒரு எண் இருக்கலாம். பழையதன் எண்ணோடு ஒப்பிட்டுத் தகட்டை மாற்றித் தொடங்குவார்கள். இதில் கிடைப்பது தொடக்கம் மட்டும்தான். முடிவு தடத்தில்.

ஒரு உபாயம்: ஆழம் முடிவாகும் வரை பேரிங்கை நாலைந்து முறை ஏற்றி இறக்க வேண்டிவரும். பழைய பேரிங் ஒன்றின் உள்துளையைச் சாணையில் தேய்த்து, கையால் ஏறி இறங்கும்படி வைத்துக்கொண்டால் புதுப் பேரிங்கை அடித்து நாசமாக்க வேண்டாம். புதியதற்கும் அதற்கும் உயர வித்தியாசம் எவ்வளவு என்று அளந்து கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிரீலோட் எப்படிப் பார்ப்பது? எங்களிடம் அந்த விலைகூடிய ரெஞ்ச் இல்லை.

பிரீலோட் என்றால் பேரிங்குக்கு முன்கூட்டியே கொடுத்துவைக்கும் இறுக்கம். ஊருக்குப் போகும்போது பெட்டி நிறுப்போமே, அந்தக் கைத்தராசு போதும். பினியன் ஃபிளேஞ்சில் நூலைச் சுற்றி, நுனியைத் தராசு கொக்கியில் மாட்டி, சீராக இழுங்கள். நூல் சுற்றிய இடம் மையத்திலிருந்து 5 செ.மீ. என்றால், 3 கிலோ காட்டும்போது முறுக்கு ஏறக்குறைய 1.5 நியூட்டன் மீட்டர். வேன், சிறிய லாரி வகைகளில் புதுப் பேரிங்குக்கு 1.5 முதல் 3 வரை என்ற சுற்றுவட்டத்தில்தான் கேட்பார்கள். ஓடிய பேரிங்குக்கு அதில் ஏறக்குறைய பாதி. உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே சட்டம். நகரத் தொடங்கும்போது வரும் எண்ணா, சுற்றிக்கொண்டிருக்கும்போது வரும் எண்ணா என்பதையும் கையேட்டிலேயே பாருங்கள். கிரவுன் உள்ளே இருக்கும்போது அளக்காதீர்கள், பினியன் மட்டும் தனியாக இருக்க வேண்டும்.

பினியன் நட்டை முறுக்கும்போது நசுங்கு ஸ்லீவ் தொடக்கத்தில் அசையவே அசையாது. நீளக் கம்பியில் ஒருவர் தொங்க, ஃபிளேஞ்சை இன்னொருவர் பிடிக்க வேண்டும். நசுங்கத் தொடங்கியதும் கதை மாறும். ஒரு நட் முகத்தின் கால்வாசித் திருப்பலில் தராசு ஒரு கிலோவிலிருந்து மூன்றுக்குத் தாவும். அங்கிருந்து மயிரிழை மயிரிழையாகத்தான்.

நான் தாண்டியிருக்கிறேன். பல வருஷத்துக்கு முன், ராத்திரி பதினொன்றரை, காலை ஐந்துக்கு லாரி வேண்டும் என்று ஆள் வாசலில். தராசு எட்டு கிலோவைக் காட்டியது. ஸ்லீவைக் கழற்றிப் புதிது போட வேண்டும், கடை மூடிவிட்டது. நட்டைச் சற்றுத் தளர்த்தினேன். எண் மூன்றுக்கு வந்தது. யாருக்குத் தெரியும் என்று மூடிவிட்டேன். நசுங்கிய ஸ்லீவ் திரும்ப எழும்பாது. நட்டுக்குப் பிடிமானம் போய்விட்டது. மூன்றாவது வாரம் அதே லாரி இழுவை வண்டியில் வந்தது. பினியன் பேரிங்கின் கூண்டு துண்டு துண்டாக எண்ணெயில் கிடந்தது, கிரவுன் பல் இரண்டு உடைந்திருந்தது. சம்பளத்தில் பிடிக்கவில்லை, ஆனால் தவ்கே (முதலாளி) அன்றைக்கு என்னோடு பேசவும் இல்லை. இப்போது ஸ்லீவ் வாங்கும்போதே இரண்டாக வாங்குகிறேன்.

பல் பிளே எவ்வளவு வைப்பது?

டொயோட்டாவின் 8 இஞ்ச் கிரவுனுக்கு 0.13 முதல் 0.18 மி.மீ. பெரிய லாரிக் கிரவுனுக்கு இதைவிடக் கூடும். கேஜ் முள்ளைப் பல்லின் வெளி நுனிக்குப் பக்கத்தில், பல்லுக்குச் செங்குத்தாக வையுங்கள். சாய்த்து வைத்தால் பொய் சொல்லும். பினியனை அசையாமல் பிடித்துக் கிரவுனை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஒரே இடத்தில் பார்த்துவிட்டு எழுந்துவிடாமல் நான்கு இடத்தில் பாருங்கள். இடத்துக்கு இடம் 0.05-க்கு மேல் மாறினால் கிரவுன் கோணலாக உட்கார்ந்திருக்கிறது.

இரு பக்கத்திலும் திருகு வளையம் இருக்கும் வகைகளில், ஒரு பக்கம் எத்தனை பள்ளம் தளர்த்துகிறீர்களோ அதே அளவு மறு பக்கம் முறுக்குங்கள். கிரவுன் மொத்தமாக நகரும், பேரிங் இறுக்கம் மாறாது. ஷிம் வைக்கும் வகைகளில் ஒரு கணக்கு: கிரவுனை 0.25 மி.மீ. நகர்த்தினால் பிளே ஏறக்குறைய 0.18 மாறும். டொயோட்டா வகைகளில் கடைசியாகப் பக்க பேரிங்குக்கு ஒன்று முதல் ஒன்றரைப் பள்ளம் இறுக்கம் கொடுத்து, மறுபடி தராசு. முதலில் வந்த பினியன் எண்ணைவிட 0.4 முதல் 0.6 நியூட்டன் மீட்டர் கூடுதலாக வர வேண்டும். நம் 5 செ.மீ. கணக்கில் ஒரு கிலோ அதிகம்.

எல்லா அளவும் சரியாக இருக்கிறது. மூடிவிடலாமா?

இல்லை. தடம் பார்க்காமல் மூடாதீர்கள். தம்பிகளிடம் நான் சண்டை போடுகிற ஒரே இடம் இது. அளவு நம்மை வாசல்வரை கொண்டுபோய் விடும், உள்ளே விடுவது தடம்தான்.

மஞ்சள் பூச்சோ பிரஷ்யன் புளூவோ, மூன்று நான்கு கிரவுன் பற்களின் இரண்டு பக்கமும் மெல்லியதாகத் தடவுங்கள். தோசைக்கல்லில் எண்ணெய் தேய்க்கிற அளவு, அதற்கு மேல் வேண்டாம். பினியன் ஃபிளேஞ்சில் துணியைச் சுற்றி ஒருவர் இறுக்கிப் பிடித்துத் தடை கொடுக்க, நீங்கள் கிரவுனை இரண்டு பக்கமும் சுற்றுங்கள். தடையே இல்லாமல் சுற்றினால் தடம் வெளிறி, ஒன்றும் சொல்லாது.

இப்போது டார்ச் அடித்துப் பாருங்கள். பூச்சு விலகி இரும்பு மின்னுகிற முட்டை வடிவம் ஒன்று தெரியும். கிரவுன் பல்லின் குவிந்த பக்கம் முன்னோட்டத்துக்கு, குழிந்த பக்கம் காலை எடுக்கும்போது.

அந்த முட்டை பல்லின் உயரத்தில் நடுவில் இருக்க வேண்டும். உச்சி விளிம்பில் ஏறிக்கிடந்தால் பினியன் விலகி நிற்கிறது, தடித்த தகடு போடுங்கள். அடிவேரில் இறங்கிக்கிடந்தால் பினியன் அதிகம் உள்ளே போயிருக்கிறது, மெல்லிய தகடு. பிறகு நீளவாக்கில் பாருங்கள். முன்னோட்டப் பக்கத்தில் வெளி நுனிக்கு ஓடியிருந்தால் கிரவுனைப் பினியன் பக்கம் நெருக்குங்கள், உள் நுனிக்கு ஓடியிருந்தால் விலக்குங்கள், பிளே அளவைத் தாண்டாமல். ஒன்றைத் தொட்டால் மற்றதும் கொஞ்சம் நகரும். அதனால் உயரத்தை முதலில் முடித்துவிட்டு நீளத்துக்கு வாருங்கள். விளிம்பு கூராக வெட்டினதுபோல் முடியாமல் மெல்லக் கரைந்து முடிந்தால் நல்ல தடம்.

ஒரு தகட்டு மாற்றத்துக்கு ஒரு மணி நேரம் போகும். மூன்று மாற்றத்தில் முடிந்தால் அதிர்ஷ்டம். ஆறு ஆனதும் உண்டு. ஒவ்வொரு தடவையும் போட்டோ எடுத்து, தகட்டின் அளவைப் பக்கத்தில் சாக்கட்டியால் எழுதி வையுங்கள். மூன்றாவது தடவைக்குப் பிறகு எது எதற்கு முன் என்று மண்டையில் நிற்காது.

ஓடித் தேய்ந்த கிரவுன்-பினியனிலும் அதே தடம் வர வேண்டுமா?

வராது, வரவழைக்கவும் கூடாது. இத்தனை வருஷம் ஓடி அவை தங்களுக்கென்று ஒரு பாதை போட்டுக்கொண்டன. புத்தகத் தடத்துக்காக அந்தப் பாதையைவிட்டு நகர்த்தினால் நேற்றுவரை பேசாமல் இருந்த டிஃப் இன்றைக்கு ஊளையிடும். பழைய தகடு, பழைய பிளே, பழைய தடம். கழற்றும் முன் எடுத்த போட்டோ இப்போது கை கொடுக்கும்.

என்ன எண்ணெய், எவ்வளவு?

ஜிஎல்-5 தரம். 80டபிள்யூ-90 பெரும்பாலான வேனுக்கு, சுமை லாரிக்குக் கையேடு கேட்டால் 85டபிள்யூ-140. வழுக்கல் கட்டுப்பாட்டு டிஃப் (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றாமல் தடுக்கும் வகை) என்றால் அதற்குரிய எண்ணெய் வேறு. நிரப்பும் துளையின் கீழ் விளிம்புவரை ஊற்றி, வழியத் தொடங்கினதும் நிறுத்துங்கள். 'கூட இருந்தால் நல்லதுதானே' என்று நிரப்பினால் அது பிரேக் ஷூவுக்குத்தான் போகும்.

பூட்டிய அன்றே சரக்கு ஏற்றலாமா?

புதுக் கிரவுன் என்றால் ஏற்றாதீர்கள். முதல் ஓட்டம் காலி வண்டியில், 20 நிமிஷம், மிதமான வேகம். நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். கையைக் கிட்டக் கொண்டுபோய்ச் சூடு பாருங்கள், தொட்டுவிடாதீர்கள். இப்படி இரண்டு மூன்று தடவை. தீவு விரைவுச்சாலையின் முழு நீளமே 42.8 கிலோமீட்டர்தான், இந்த ஊரில் நெடுந்தூரம் ஓட்டிக் கெடுப்பது கஷ்டம். கெடுப்பது முதல் நாளே ஏற்றுகிற சிமெண்ட் மூட்டைகள். 800 கிலோமீட்டர் வரை கனத்த சுமை வேண்டாம். அந்த 800-இல் எண்ணெயை மாற்றிவிடுங்கள். முதல் எண்ணெயில் நிறைய மினுமினுப்பு இருக்கும், பயப்பட வேண்டாம்.

விகிதத்தை மாற்றினால் இழுவை கூடுமா?

கூடும். 4.1 இருந்த இடத்தில் 41-க்கு 9, அதாவது 4.556 போட்டால் அதே கியரில் இழுவை 11 சதவீதம் ஏறும். எஞ்சினும் அதே வேகத்துக்கு அவ்வளவு கூடச் சுற்றும், டீசலும் குடிக்கும். கியர்பாக்ஸிலிருந்து வேகம் எடுக்கும் வண்டிகளில் ஸ்பீடோமீட்டர் உண்மையைவிட அதிகம் காட்டும். மேடே இல்லாத இந்த ஊரில் எதற்கு? அப்படியும் வேண்டும் என்றால் முதலில் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் கேட்டுவிட்டு வாருங்கள்.

இருக்கிற விகிதம் தெரியவில்லையா? ஒரு பின்சக்கரத்தைத் தரையில் வைத்து மற்றதை மட்டும் தூக்குங்கள். கியர் நியூட்ரலில். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஆக்சிலுக்கு ஸ்டாண்டு வைத்த பிறகுதான் குனிய வேண்டும். தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றி, புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணுங்கள். நான்கும் கொஞ்சமும் என்றால் 4.1.

மொத்தம் எத்தனை நாள் வேண்டும்?

சாமான் எல்லாம் கையில் இருந்தால் இரண்டு நாள். முதல் நாள் பிரித்துக் கழுவி, பேரிங் ஏற்றி, முதல் தடம். இரண்டாம் நாள் தகடு மாற்றம், பூட்டல், ஓட்டிப் பார்த்தல். ஒரே நாளில் தருகிறேன் என்று யாராவது சொன்னால் தடத்தின் போட்டோவைக் கேளுங்கள். நாளை காலை ஐந்துக்கே வேண்டும் என்று நீங்கள் கேட்டால், அன்றைக்கு வாடகைக்கு ஒரு லாரி எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.